சிவப்பு நூல் கட்டிய டின்

இயேசு மரி சூசை துணை

ஆங் மோ கியோ, சிங்கப்பூர்
9.2.1986, ஞாயிறு

அன்பு மகள் பிரிஜட்டுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு நான், அம்மா, அண்ணன், அண்ணி நால்வரும் சுகம். நாலரைப் பேர் என்றுதான் எழுத வேண்டும். பிறக்கும்வரை எண்ணக்கூடாது என்கிறாள் அம்மா. இரண்டு தடவை கலைந்த பிறகு இப்போதுதான் அண்ணிக்கு நாலு மாதம் தாண்டியிருக்கிறது. பூவம்மா எழுந்து நடந்தால் உன் அண்ணன் சூசை கையை விரித்துக்கொண்டு பின்னாலேயே போகிறான், பந்து பிடிக்கிற கோல்கீப்பர் மாதிரி. உன் சுகத்துக்கும் அந்த ஊர்க் குளிர் உனக்கு இரக்கம் காட்டவும் தினம் ஒரு ஜெபமாலை சொல்கிறோம்.

ஊருக்கு வந்த கன்னியர் மடத்துச் சிஸ்டர் கையில் நீ கொடுத்தனுப்பிய பிஸ்கட் டின் ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கே வந்துவிட்டது. நீயே விளைவித்த தானியம் என்றதும் அம்மா அதை மாதா படத்தின்முன் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டாள். அவள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பிள்ளை கையால் வந்த முதல் விளைச்சலைச் சாமியாரிடம் மந்திரித்து வாங்க வேண்டும். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும். இந்தப் பன்னிரண்டாம் மாடியில் எனக்குத் தெரிந்து விளைந்தது ஒரு கறிவேப்பிலைச் செடி, அதுவும் எதிர்வீட்டுக்காரருடையது. அதனால் கல்யாணமான நாளிலிருந்து இந்த வழக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தவளுக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது. தினம் விடிந்ததும் உன் கோதுமையில் ஒரு பிடி, கடைக் கோதுமையில் இரண்டு பிடி, அரைத்துப் பாலெடுத்துக் கஞ்சி. ஆரம்பித்து மூன்று வாரமாகிறது. டின்னில் நீ கட்டியிருந்த சிவப்பு நூலைக்கூட விடவில்லை, பூவம்மா மணிக்கட்டில் கட்டிவிட்டாள்.

நேற்று ஃபேரர் பார்க்கில் ஜலாலுதீன் கடையில் கோப்பி குடித்தபோது, "என் மகள் கோதுமையில் ஆராய்ச்சி பண்றா லா" என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினேன். "எதுக்கு, பரோட்டாவுக்கா?" என்று கேட்டான். பதில் தெரியாமல் முழித்தேன். ஆகவே நாலு வரியில் விளங்கும்படி எழுது. ஏழாம் வகுப்புக்கு மேல் போகாதே, அப்பா கூட வரமாட்டேன்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்த வாரமாகப் பல் துலக்கினால் ஈறில் ரத்தம். முழங்காலில் எங்கே இடித்தேன் என்றே தெரியாமல் நீலம் பாரித்திருக்கிறது. பசாரில் மலிவாக வாங்கிய பிரஷ், மாடி மாடியாக ஏறி மின்சார மீட்டர் படிக்கிற முழங்கால். வேறென்ன இருக்கும்?

கம்பளியைக் கழற்றாதே.

உன் அப்பா,
அருளானந்தம்

*

இங்கிலாந்து
22.2.1986

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் எல்லோருடைய சுகமும் அறிந்து மகிழ்ச்சி. இங்கே பனி. மூக்கு என்று ஒன்று இருப்பதைக் கண்ணாடி பார்த்துத்தான் உறுதி செய்துகொள்கிறேன். மற்றபடி சுகம். அண்ணியைத் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

ஜலாலுதீன் மாமாவுக்குப் பதில் இது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆயிரக்கணக்கில் அடுப்புகள் இருக்கின்றன அப்பா. உடம்புக்கு வேண்டிய புரதமெல்லாம் அங்கேதான் சமையல் ஆகிறது. அந்த அடுப்பைக் கட்டத் தெரிந்த மரபணுக்கள் அம்மா வழியில் ஒரு வரிசை, அப்பா வழியில் ஒரு வரிசை என்று வருகின்றன. கோதுமையையும் ரை என்கிற இன்னொரு தானியத்தையும் கலந்து பிறந்த பயிர் என்னுடையது. அதில் என்ன நடக்கிறதென்றால், கோதுமை வழி மரபணுக்கள் மட்டும் அடுப்புக் கட்டுகின்றன. ரை வழி வந்தவை வாயைத் திறப்பதே இல்லை. அழிந்துபோகவில்லை, அப்படியே இருக்கின்றன. யாரோ மூடி போட்டு வைத்த மாதிரி. வெள்ளிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வேலை செய்கிற இடங்கள் மட்டும் கரும்புள்ளியாகத் தெரியும். என் பயிரில் ஆறு தெரிய வேண்டும். நாலுதான் தெரிகிறது.

அந்த மூடியைத் திறக்க ஒரு மருந்து இருக்கிறது. அதில் ஊறவைத்து உலர்த்திய விதைகளைத்தான் அடுத்த மாதம் முளைக்கவிட்டுப் பார்க்கப்போகிறேன். ஆறு புள்ளி வந்தால் எனக்குப் பட்டம், உங்களுக்கு நெஞ்சு நிமிர்த்த இன்னொரு காரணம்.

உங்களுக்கு அனுப்பியது சும்மா விதைதான், மருந்தெல்லாம் படாதது. அம்மாவிடம் சொல்லுங்கள், அந்த டின்னில் வெள்ளை நூல்தான் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்கு வெள்ளை நூல் ஆகாது என்று அம்மா சொல்வது ஞாபகம் வந்து, அறுத்துவிட்டுச் சிவப்பு கட்டி அனுப்பினேன். இவ்வளவு படித்தும் அம்மா மகள்தான்.

ஈறு ரத்தத்துக்கு டாக்டரிடம் போங்கள்.

பிரிஜட்

*

இயேசு மரி சூசை துணை

ஆங் மோ கியோ
9.3.1986

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசீர். இங்கு சுகம், அங்கும் அதுவே நிலைக்கட்டும்.

உன் அடுப்பு விளக்கத்தைக் கடையில் போய் ஒப்பித்தேன். ஜலாலுதீன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். எனக்கு அடுப்பைவிட மீட்டர்தான் வசதி. குடியிருப்பவர் காலி செய்துபோன வீடுகளில் மீட்டர் அப்படியே சுவரில் இருக்கும், மெயின் சுவிட்சுக்குச் சீல் வைத்திருப்பார்கள், சக்கரம் ஓடாது. அதுதானே உன் ரை? சீலை உடைத்தால் என்ன ஆகும் என்று அவன் கேட்டான். ஓடும் என்றேன். "இத்தனை நாள் சும்மா கிடந்த வயர் லா, பார்த்து," என்றான். அவனுக்கு எதற்கெடுத்தாலும் பயம். கடையில் தீயணைக்கும் வாளி மூன்று.

நம் வீட்டிலும் ஒரு சீல் வைத்த மீட்டர் உண்டு. பூவம்மா ஞானஸ்நானம் வாங்கி மூன்று வருஷமாகிறது, காத்தோங் பக்கம் போனால் மட்டும் பிள்ளையார் கோயில் வாசலில் அவள் கால் தானாக நிற்கும். பஸ் வந்துவிட்டது என்று நான்தான் பொய் சொல்லி நகர்த்துவேன். அவள் அப்பா சேதுபதி இன்னும் நம் வாசலை மிதிக்கவில்லை. பேரப்பிள்ளை வந்தால் மிதிப்பார் என்கிறான் சூசை. பார்க்கலாம்.

கஞ்சி நடக்கிறது. வாசம் பட்டாலே பூவம்மாவுக்குக் குமட்டுகிறது. உன் அம்மா பக்கத்தில் போலீஸ் மாதிரி நிற்கிறாள். ஆனாலும் ஒரு சொட்டு வீணாகவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நான் இப்போதெல்லாம் கடையில் பசியாறாமலே வேலைக்குப் போகிறேன். ஏன் என்று கேட்காதே, பெரியவர்கள் விஷயம்.

கொஞ்சம் அசதி. எம்.ஆர்.டி. ரயிலுக்குத் தோண்டுகிற தூசி ஊரெல்லாம். அதுதான்.

அப்பா

*

இங்கிலாந்து
20.3.1986

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். சுகம் விழைகிறேன்.

டின்னில் கோதுமை மீதி இருந்தால் இனிமேல் சமைக்க வேண்டாம். ஒரு பிடியாக இருந்தாலும் மூடி, அப்படியே வைத்திருங்கள். இங்கே வேலைக்கு வேண்டியிருக்கிறது. அம்மாவிடம் வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம். அண்ணி எப்படி இருக்கிறார்? டாக்டர் கடைசியாக எப்போது பார்த்தார், என்ன சொன்னார்? எனக்கு உடனே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன், நீங்களே எடுங்கள்.

பிரிஜட்

*

இயேசு மரி சூசை துணை

30.3.1986, பாஸ்கா ஞாயிறு

அன்பு மகளுக்குப் பாஸ்கா வாழ்த்து. எல்லோரும் சுகம்.

போன ஞாயிறு நீ போன் செய்தபோது நான்தான் எடுத்தேன், ஒத்துக்கொள். "அப்பா, அந்த டின்..." என்று நீ ஆரம்பிப்பதற்குள் அம்மா பிடுங்கிவிட்டாள். மிச்ச நேரம் முழுக்க நீ என்ன சாப்பிடுகிறாய் என்ற விசாரணை. டெலிபோனை ஹாலில் வைத்தது என் தப்பு. அவள் அதன் பக்கத்திலேயே குடியிருக்கிறாள்.

டின் காலி. இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே முடிந்தது. இப்போது அதில் காய்ந்த மிளகாய் இருக்கிறது. ஏன் கேட்கிறாய்? சும்மா விதை என்றுதானே எழுதியிருந்தாய்? உன் கடிதம் பத்து வரி. நீ பள்ளிக்கூடத்தில் கண்ணாடியை உடைத்த அன்றுதான் என்னிடம் இவ்வளவு சுருக்கமாகப் பேசினாய்.

வீட்டுக்கு எழுத முடியாததென்றால் ஜலாலுதீன் கடைக்கு எழுது. அவன் பிரிக்கமாட்டான். பிரித்தாலும் அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். முடிப்பதற்குள் நான் போய்விடுவேன்.

அண்ணிக்கு ஆறாம் மாதம். டாக்டர் எல்லாம் சரி என்கிறார்.

அப்பா

*

இங்கிலாந்து
10.4.1986

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை உட்கார்ந்து படியுங்கள்.

என் மேசையில் இரண்டு டின் இருந்தன. ஒரே மாதிரி டின். மருந்து விதைக்குச் சிவப்பு நூல், சும்மா விதைக்கு வெள்ளை நூல். வீட்டுக்கு அனுப்ப வேண்டியது வெள்ளை. அதை அறுத்துச் சிவப்பு கட்டினேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? கட்டிவிட்டு, இரண்டையும் மேசையில் விட்டுவிட்டு, பூசைக்குப் போய்விட்டேன். மறுநாள் விடியும் முன் சிஸ்டர் கார் வந்து நின்றது. இரண்டு சிவப்பு நூல் டின்னில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

போன மாதம் இங்கே இருந்த டின்னை மருந்து விதை என்று நம்பி முளைக்கவிட்டேன். நாலு புள்ளி. மறுபடி செய்தேன், நாலு. முளைக்கு முளை நாலு. மருந்து வேலை செய்யவில்லை என்று இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது. இந்த விதையில் மருந்தே படவில்லை அப்பா. மருந்து பட்டது உங்களிடம் வந்துவிட்டது.

அதன் பெயர் அஸாசைட்டிடின். ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடத்தைத் தாக்கும். சினை எலிக்குக் கொடுத்தால் குட்டிகள் ஊனமாகப் பிறக்கின்றன. என் பேராசிரியரிடம் யாருக்கோ நடந்த மாதிரிக் கேட்டேன். ஈரம் பட்டால் சீக்கிரம் சிதைந்துபோகும், காய்ந்த விதையில் மிஞ்சியிருந்தாலும் மிகக் கொஞ்சம், அநேகமாக ஒன்றும் ஆகாது என்றார். அந்த 'அநேகமாக'வை வைத்துக்கொண்டுதான் தூங்கப் பார்க்கிறேன்.

அண்ணியின் டாக்டரிடம் மருந்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள். இங்கிலீஷில் கீழே எழுதியிருக்கிறேன், கிழித்து எடுத்துக்கொள்ளலாம். நூல் வெறும் நூல்தான். இருந்தாலும் அண்ணி கையிலிருந்து அறுத்துவிடுங்கள். இரண்டு முறை பறிகொடுத்தவர். என் கையால் மூன்றாவது நடந்தால், அண்ணன் முகத்தில் விழிக்கமாட்டேன்.

நான் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வரட்டுமா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

பிரிஜட்

*

இயேசு மரி சூசை துணை

25.5.1986

அன்பு மகள் பிரிஜட்டுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னி. இரண்டு தடவை நீ போன் செய்தபோதும் அம்மா பக்கத்தில் இருந்ததால் "அங்கே மழையா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். நீயும் "மழைதான்" என்றே அழுதாய். அம்மா உனக்குச் சளி என்று நம்பிவிட்டாள்.

முதலில் முக்கியமானது. பூவம்மா அந்தக் கஞ்சியில் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. சத்தியம். மாதா சாட்சி. அவளுக்கு வாசமே ஆகவில்லை. அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் கிண்ணம் காலியாகிவிடும். எப்படி என்றால், குப்பைத் துவாரம் எதற்கு இருக்கிறது? பன்னிரண்டு மாடியும் இறங்கிப் போய்விடும். ஆகவே டாக்டரிடம் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. நூலை மட்டும் அறுக்கவில்லை. அறுத்தால் அம்மா காரணம் கேட்பாள். சொன்னால் தன் கையால்தான் ஊட்டினோம் என்று அன்றோடு படுத்துவிடுவாள். அவளுக்கு இது தெரியவே வேண்டாம்.

நீ வரவும் வேண்டாம். முடித்துவிட்டு வா. மறுபடி மருந்தில் ஊறவை, மறுபடி எண்ணு. இந்தத் தடவை நூலுக்குப் பதில் பெயிண்ட் அடி.

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன், அந்த மருந்து பெரிய ஆளுக்குள் போனால் எத்தனை நாளில் வெளியே போகும்? ஜலாலுதீன் கேட்கச் சொன்னான்.

என்னை இப்போது அலுவலகத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள், படியேற வேண்டாமென்று. மேலதிகாரிக்கு என்மேல் திடீர்ப் பாசம்.

அப்பா

*

இங்கிலாந்து
5.6.1986

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் படித்து மண்டியிட்டு நன்றி சொன்னேன். எழுந்த பிறகு பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மார்ச் மாதம் "ஒரு சொட்டு வீணாகவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது குப்பைத் துவாரம் என்கிறீர்கள். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளித் தோலை அவித்துத் தின்றவர் நீங்கள். நானும் அண்ணனும் தட்டில் ஒட்டிய சோற்றை விட்டால் எங்கள் விரலைப் பிடித்து நீங்களே வழித்து வாயில் வைப்பீர்கள். நீங்கள் இருக்கிற வீட்டில் இரண்டு மாதம் தினம் ஒரு கிண்ணம் கஞ்சி குப்பைக்குப் போயிருக்காது அப்பா.

அண்ணி குடிக்கவில்லை என்பதை நம்புகிறேன். மாதாவைச் சாட்சிக்கு இழுத்து நீங்கள் பொய் சொல்லமாட்டீர்கள். குப்பைத் துவாரத்துக்குச் சாட்சி யாரையும் கூப்பிடவில்லை என்பதையும் கவனித்தேன்.

ஆறு வாரம் ஏன் எழுதவில்லை? படியேறக்கூடாது என்று யார் சொன்னது, மேலதிகாரியா டாக்டரா? கஞ்சியை யார் குடித்தது?

பிரிஜட்

*

ஆஸ்பத்திரி, சிங்கப்பூர்
14.7.1986

அன்புள்ள பிரிஜட்,

அண்ணி பூவம்மா எழுதுறேன். நலம்தானே? எனக்கு எழுத்து நடை வராது, பேசுற மாதிரியேதான் வரும்.

பத்தாம் தேதி காலையில பொண்ணு பிறந்தா. ஆறு ராத்தல். கை விரல், கால் விரல் எல்லாம் இருக்கு. டாக்டர் தலைகீழாப் பிடிச்சுப் பார்த்துட்டு எல்லாம் நார்மல்னு சொன்னார். எங்க அப்பா வந்தார், பிரிஜட். வாசல்ல நின்னுக்கிட்டு, "சேதுபதி வந்திருக்கேன்னு சொல்லுங்க"ன்னு நர்ஸ்கிட்ட சொல்லி அனுப்பினார், ஏதோ கோர்ட்டுக்கு வந்த மாதிரி. பாப்பாவைத் தூக்கினதும் அழுதுட்டார். இதுவரைக்கும்தான் உனக்கு எழுதணும்னு மாமா சொன்னார். இதுக்கு மேல நானா எழுதுறேன்.

மாமாவும் இதே ஆஸ்பத்திரியிலதான் இருக்கார், வேற கட்டடத்துல. உன் ஜூன் மாசக் கடிதம் வந்தப்போ அவர் படுத்துட்டார், அதான் பதில் இல்ல.

கஞ்சியைக் குடிச்சது மாமாதான். அத்தை துணி காயப்போட மூங்கில் கம்பை வெளியே நீட்டப் போவாங்க இல்ல, அந்த நேரம். நான் கிண்ணத்தை நீட்டுவேன், அவர் நின்னபடியே ரெண்டு மடக்குல குடிச்சுட்டு, மீசையைத் துடைச்சுக்கிட்டு, வெறும் கிண்ணத்தை என் கையில திரும்ப வைப்பார். "என்ன மருமகளே, இன்னிக்கு உப்பு கம்மி"ம்பார். அவருக்குக் கோதுமைக் கஞ்சியே பிடிக்காது, உனக்கே தெரியும். நான் அத்தைகிட்டத் திட்டு வாங்கக்கூடாதுன்னுதான் குடிச்சார். தினமும். நானும் கொடுத்தேன்.

மருந்து விஷயம் எனக்குப் பிரசவம் ஆன பிறகுதான் சொன்னார். ஏப்ரல்லயே அவருக்குத் தெரியும். கடையில வச்சு உன் கடிதத்தைப் படிச்சவர் நேரா டாக்டர்கிட்டப் போயிருக்கார், எனக்காக இல்ல, தனக்காக. அப்பவே ரத்தம் பாதிதான் இருந்துச்சாம். நெஞ்செலும்புல ஊசி போட்டுப் பார்த்தாங்க. ரத்தம் ஊறுற இடம் சரியா வேலை செய்யலையாம். எதனாலன்னு கேட்டேன். வயசுல இப்படி வரும், காரணம் சொல்ல முடியாதுன்னுட்டாங்க. மாமா கஞ்சியைப் பத்தி அவங்ககிட்டச் சொன்னாரான்னு எனக்குத் தெரியல. கேட்டா, "அதெல்லாம் சொன்னேன் லா"ன்னு சிரிக்கிறார்.

அத்தைக்கு வியாதி தெரியும். கஞ்சி தெரியாது. இப்பவும் "என் மக கோதுமை, அதான் பேத்தி இப்படி இருக்கா"ன்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிறேன்.

என்மேல கோபம் இருந்தா எழுது.

பூவம்மா

*

இயேசு மரி சூசை துணை

ஆஸ்பத்திரி
27.7.1986

அன்பு மகளுக்கு,

எழுத்து கோணினால் கட்டிலைத் திட்டு. பூவம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டதாகச் சொன்னாள். இந்த வீட்டில் ஒரு ரகசியம் மூன்று மாதம் உயிரோடு இருந்ததே பெரிசு.

முதலில் நல்ல செய்தி. லட்சுமி என்று கூப்பிடச் சொல்கிறார் சேதுபதி, மதலேனா என்கிறாள் உன் அம்மா. பிள்ளை இரண்டுக்கும் திரும்புகிறது. அழுதால் காத்தோங்வரை கேட்கும். அவளை உன் மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஆறு புள்ளியும் எரியும்.

இரண்டாவது, நீ பெட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுகிறாய் என்று தெரியும். அழாதே. நான் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன், உன் கோதுமைமேல் பழியே இல்லை. என் முதல் கடிதத்தை எடுத்துப் பார். ஈறில் ரத்தம், முழங்காலில் நீலம் என்று எழுதியிருப்பேன். அது நாங்கள் உன் டின்னைத் திறப்பதற்கு முன்னால் எழுதியது. வியாதி முதலில் வந்துவிட்டது, கஞ்சி பின்னால் வந்தது. எழுத்தில் இருக்கிறது, நீயே பார்த்துக்கொள். பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது, அப்பா சொன்னது சரி என்று. அது வந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்.

மூன்றாவது, ஒரு வேடிக்கை. நேற்று இளவயது டாக்டர் ஒருவர் வந்தார். வழக்கமான மருந்து வேலை செய்யவில்லை, புதிதாக ஒன்று இருக்கிறது, சோதனையாகத்தான், சம்மதித்தால் கொடுக்கிறோம் என்று ஒரு தாளை நீட்டினார். பெயரைப் படித்தேன். நீ எழுதிக் கிழித்துக்கொள்ளச் சொன்ன துண்டு என் பர்சில்தான் இருக்கிறது. பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். அதேதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பயந்துபோய் நாடி பிடித்தார். "பரவாயில்ல டாக்டர், கொடுங்க, ஏற்கனவே கஞ்சியில கலந்து குடிச்சுப் பழக்கம்தான்," என்றேன். எனக்குக் காய்ச்சலில் உளறல் என்று எழுதிக்கொண்டு போனார்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை ஆரம்பம். என் சக்கரம் ஓடுமா, வயர் எரியுமா, ஜலாலுதீன் வாளியோடு தயாராக இருக்கிறான்.

அந்த ஒரு வரியை மறக்காதே.

உன் அப்பா,
அருளானந்தம்

*

(ஜலாலுதீன் மாமா கடை, ஃபேரர் பார்க். பூவம்மா அண்ணி கையில் மட்டும்.)

இங்கிலாந்து
5.8.1986

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள்மேல் எனக்கு என்ன கோபம்? நீங்கள் கிண்ணத்தை நீட்டினீர்கள். டின்னை நீட்டியது நான்.

பதினேழாம் தேதி விமானம். வந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்கு வருவேன். அதற்குள் நீங்கள் எனக்காக ஒன்று செய்ய வேண்டும். நான் நேரில் வந்து சொன்னால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். போனில் சொன்னால் குரல்.

அப்பா சொன்ன முதல் கடிதம் இப்போது என் முன்னால் இருக்கிறது. ஈறும் முழங்காலும் கடைசியில்தான் வருகின்றன. "இந்த வாரமாக" என்று எழுதியிருக்கிறார். அதே தாளில், நாலு விரல் மேலே, அவர் கையெழுத்தில், கஞ்சி ஆரம்பித்து மூன்று வாரமாகிறது என்றும் எழுதியிருக்கிறார்.

மறந்துவிட்டாரா, எனக்காக மறந்துவிட்டாரா என்று தெரியவில்லை. நான் அதை இனி யாரிடமும் காட்டப்போவதில்லை. உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தனியாகச் சுமக்க எனக்கு முடியவில்லை.

அவரிடம் இவ்வளவுதான் சொல்லுங்கள்: "பிரிஜட் எடுத்துப் பார்த்தாளாம் மாமா. நீங்க சொன்னது சரிதானாம்."

சொல்லும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் துணியைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொள்ளுங்கள். நிமிர்ந்து அவரைப் பார்க்க வேண்டாம். முப்பது வருஷம் மீட்டர் படித்தவர் அவர், அண்ணி.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பிரிஜட்